ஐயாயிரத்துத் தொள்ளாயிரமாவது கதவு

எங்கள் வீட்டு இரும்புக் கதவை என் கணவன் வெளியிலிருந்து பூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவான். கணவர் என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை, விட்டுவிடுங்கள். பெயர் மாசானம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் படகுக்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் கயிறு, தார்ப்பாய், சங்கிலி, பெயின்ட் விற்கும் கடை. குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. கடைக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி வீடு. கீழ்த்தளம் முழுக்கச் சரக்கு, மேலே நாங்கள். சரக்கு இருக்கிற வீட்டைப் பூட்டாமல் போகக் கூடாது என்பது அவன் அப்பா காலத்து வழக்கம். சரக்கோடு சேர்த்து மேலே இருக்கிற பெண்களும் பூட்டுக்குள் போகிறார்களே என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

நான் செங்கொடி. புளியந்தோப்புக் குடியிருப்பில் பிறந்தவள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா, சங்கத்து ஊர்வலத்துக்குப் போய்வந்த கையோடு எனக்கு வைத்த பெயர். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு பெரம்பூரில் ஒரு கணினி மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே கடைக் கணக்கு எழுத டேலி புரோகிராம் கற்றுக்கொள்ள வந்தவன்தான் மாசானம். அப்போது நல்லவனாகத்தான் இருந்தான், அதையும் சொல்லியாக வேண்டும். சாதி பார்க்காமல் கட்டிக்கொண்டான் என்று எங்கள் பக்கத்தில் மெச்சாத ஆள் கிடையாது. அவன் அப்பா அப்போது உயிரோடு இல்லை, அதனால் தடுக்கவும் ஆள் இல்லை. என் அண்ணன் மட்டும், "நீயா தேடிக்கினே, நாளைக்கி இன்னா ஆனாலும் நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டான். அவன் அப்படிச் சொன்னதால், என்ன ஆனாலும் அவனிடம் போய் நிற்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு.

கல்யாணமான சூட்டோடு வேலையை விடச் சொன்னான். கொஞ்ச நாளைக்குத்தான் என்றான். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பேச்சையும் திருத்தினான். வீட்டுக்குள் "வூடு" என்று சொல்லக் கூடாது, "கீது" என்று சொல்லக் கூடாது. நான் பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

என்னோடு பூட்டுக்குள் இருந்தவர் என் மாமியார் ஆவுடையம்மாள். அவருக்குப் பேச்சியம்மாள் என்று ஒரு மகள், மாசானத்துக்குத் தங்கை. காத்திவாக்கத்தில் வலை போடுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இவன் காதலித்துக் கட்டலாம், தங்கை கட்டக் கூடாது. அவள் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டான். காத்திவாக்கம் பஸ்ஸில் ஏறினால் எட்டிவிடுகிற தூரம். அத்தை தன் மகளைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

சுனாமிக்கு மறுவருஷம் எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற ஒரு வேலை கிடைத்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள், அதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். என் கல்லூரித் தோழி சங்கமித்ரா நுங்கம்பாக்கத்தில் அந்த கம்பெனியில் இருந்தாள், அவள் பிடித்துக்கொடுத்தது. மாசானம் மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. ரிச்சி தெருவுக்குத் தானே போய், பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக்கொண்டு வந்தான். கேபிள் டிவி நடத்துகிற தமீமிடம் சொல்லி, வீட்டுக்கு ஒன்று கடைக்கு ஒன்று என்று இன்டர்நெட்டும் இழுத்துப் போட்டான். மனுஷன் மாறிவிட்டான் என்று மனசுக்குள் குளிர்ந்துபோனேன். கூறுகெட்டவள்.

அந்த மெஷினில் அத்தைக்கும் ஒரு வழி பிறந்தது. காத்திவாக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மாசானம் கடைக்குப் போனதும் அத்தை என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சொல்லுவார், நான் பேச்சிக்கு மெயில் தட்டுவேன். "நல்லாத் திங்காளான்னு கேளு. முதுகு வலிக்குன்னாளே, எண்ணெ தேய்ச்சாளான்னு கேளு." பேச்சி அப்போது முழுகாமல் இருந்தாள். பதில் வந்த அன்று அத்தை அதை என்னை மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லுவார்.

கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. நோயாளிகளின் விவரம் வெளியே கசியக் கூடாது, ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஃபயர்வால் என்கிற காவல் புரோகிராமைப் போட்டு, ஒரு இணையதளத்தில் போர்ட் ஸ்கேன் செய்து, அதன் முடிவைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். நான் பாடம் எடுத்த சங்கதிதான். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் போர்ட் என்கிற கதவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஸ்கேன் என்றால் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது. எங்கள் குடியிருப்பில் எலெக்சன் நேரத்தில் தட்டுகிற மாதிரி. ஒரு வீட்டில் திறந்து வாங்க என்பார்கள். அடுத்த வீட்டில் உள்ளேயிருந்தே "வூட்ல யாரும் இல்ல" என்று குரல் வரும். மூன்றாவது வீட்டில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள், தட்டினவன் காலி வீடு என்று போய்விடுவான். கம்ப்யூட்டரும் இந்த மூன்றில் ஒரு பதிலைத்தான் சொல்லும். திறந்திருந்தால் ஆபத்து, மூடியிருந்தால் பரவாயில்லை, மூச்சே காட்டாவிட்டால் உத்தமம்.

எனக்கு எல்லாக் கதவும் மூச்சுக் காட்டவில்லை என்று வந்தது. திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். படமெடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக வேலை பார்த்தேன்.

அந்த ஆவணியில் சங்கமித்ரா மெயில் போட்டாள். அலுவலகத்திலேயே ஒரு இடம் காலியாகிறது, தினம் வந்து போகிற வேலை, வெள்ளிக்கிழமை காலை நேர்முகத் தேர்வு, நேரில் வந்தால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். அதை நாலைந்து தடவை படித்தேன். வேலைக்காகக் கூட இல்லை. தினமும் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கலாம் என்கிற நினைப்புக்காக. வெள்ளிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் புளியந்தோப்பு போகிறேன் என்று மாசானத்திடம் கேட்டேன், சரி என்றான். வந்துவிடுகிறேன் என்று சங்கமித்ராவுக்குப் பதில் தட்டினேன்.

திங்கட்கிழமை சாப்பிட வந்தவன், ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு நிதானமாகக் கேட்டான்.

"வெள்ளிக்கிழமை நுங்கம்பாக்கம் போகணுமாமே?"

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

"புளியந்தோப்புக்கும் போக வேணாம், நுங்கம்பாக்கத்துக்கும் போக வேணாம். நல்லதுக்குத்தான் சொல்றேன். காலம் கெட்டுக் கிடக்கு." பிறகு அம்மாவைப் பார்த்தான். "பேச்சிக்கு வளைகாப்புக்குப் பச்சைச் சேலை எடுக்கணும்னு ஆசையோ? இந்த வீட்டுலேர்ந்து ஒரு நூலு போகக் கூடாது."

சாப்பிட்டான், கொஞ்சம் படுத்தான், எழுந்து பூட்டிக்கொண்டு போனான். அவன் கத்தவே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அத்தை என் முன்னால் வந்து நின்றார். "ஏட்டி, பேச்சிக்கு எழுதச் சொல்லையில பச்சைச் சேலைன்னு உங்கிட்ட மட்டுந்தான சொன்னேன். அவங்கிட்டப் போயி ஓதிட்டியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் மண் தெரியவில்லை. "நுங்கம்பாக்கம் இன்டர்வியூன்னு நான் போன்ல சங்கமித்ராகிட்ட பேசிக்கினு இருந்தது உங்க காதுல மட்டுந்தான் வுழுந்திச்சி. புள்ளைக்கிட்ட நீங்க சொல்லிட்டு என்னைக் கேக்கறீங்களா?"

"நான் பெத்தவன்னாலும் எம் மவளக் காட்டிக் குடுப்பேனாட்டி?"

"நான் மட்டும் காட்டிக் குடுப்பேனா?"

அதோடு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பூட்டிய வீட்டுக்குள் பேசிக்கொள்ளாத இரண்டு பெண்கள். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. சமையற்கட்டில் எதிரெதிரே வந்தால் சுவரைப் பார்த்தபடி ஒதுங்கினோம்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு மெயில். "நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் முகவரியும் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியும் பொருந்தவில்லை. மறுபடி சோதித்து அனுப்பவும்." அவ்வளவுதான். முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே சின்ன எழுத்தில், "நாங்கள் சோதித்த முகவரி" என்று ஒரு எண். அது என் மெஷின் எண் இல்லை. அது தமீமுடைய ஆபீஸ் எண்.

எனக்குச் சட்டென்று புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. எங்கள் தெருப்பக்கம் எல்லோருக்கும் தமீம் தன் ஆபீசிலிருந்து மொட்டைமாடி மொட்டைமாடியாக ஒரே வயரைத்தான் இழுத்து விட்டிருந்தான். வெளியுலகத்துக்குத் தெரிவது அவன் ஆபீஸ் கதவு ஒன்றுதான். அமெரிக்காவில் எங்கோ இருக்கிற அந்த இணையதளம் தட்டிப் பார்த்ததும் அவன் கதவைத்தான். இந்தத் தெருவில் யார் சோதித்திருந்தாலும் அதே பச்சைக் கட்டங்கள்தான் வந்திருக்கும். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு என் வீடு பத்திரம் என்று இருந்திருக்கிறேன்.

அதற்கும் மேல் ஒன்று நினைவு வந்தது. ஃபயர்வாலைப் போடும்போது அது ஒரு கேள்வி கேட்டது. "192.168 என்று தொடங்கும் இந்த வலைப்பின்னல் உங்கள் வீட்டுடையதா? அப்படியானால் அதில் வருகிறவர்களை நம்பலாம்." வீட்டுக்குள் வருகிற வயர்தானே என்று ஆமாம் கொடுத்தேன். அந்தப் புரோகிராமை எழுதிய ஊர்க்காரனுக்கு அது வீடு. திருவொற்றியூரில் அது தெரு. தெருவில் இருக்கிற அத்தனை மெஷின்களையும் நம்பு என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்படியானால் உள்ளேயிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். மறுநாள் மாசானம் சாப்பிட்டுவிட்டு அடுத்த அறையில் படுத்திருந்தபோது, ஒரு சின்ன ஸ்கேன் புரோகிராமை இறக்கி என் மெஷினின் கதவுகளைத் தட்டினேன். அவன் குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று கதவுகள் திறந்திருப்பதாக வந்தது, அவை வின்டோஸோடு கூடவே வருகிறவை, எனக்குத் தெரியும். நாலாவதாக ஒன்று, ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். அது எதற்கு என்று தேடிப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டரின் திரையை இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு அப்படியே பார்க்கிறவர்களுக்கான கதவு.

படித்ததையே திரும்பப் படித்தேன்.

ஃபயர்வால், யார் வந்தார்கள் போனார்கள் என்று குறித்து வைத்திருக்கும். திறந்தேன். பதினேழு என்று முடிகிற ஒரே முகவரி, நாள் தவறாமல் அந்தக் கதவு வழியாக வந்திருக்கிறது. நம்பிக்கைக்குரியவர், அனுமதிக்கப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருக்கிறது. காலையில் மாசானம் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஆரம்பம். சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லை. அவன் திரும்பிப் போனதும் மறுபடி. அடுத்த அறையில் குறட்டை நின்றது. எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரு டாக்டரின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை.

"இன்னும் வேலையா?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஆமா" என்றேன்.

அவன் பூட்டிவிட்டுப் போனதும் தமீமுக்கு போன் போட்டேன். வெகு நாளைக்கு அப்புறம் என் வாயில் என் பேச்சு வந்தது.

"தமீமு, நெட்டு ரொம்ப ஸ்லோவா கீதுப்பா. பதினேழுன்னு ஒர்த்தரு லைன் ஃபுல்லா பிடிச்சிக்கினு கீறாரு. யாரு வூடு அது?"

"பதினேழா? இரு அக்கா, பாத்துச் சொல்றேன்." கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அய்ய, அது உங்க கடைதான் அக்கா. நான்தான் பின்னாடி செவுத்துல ஓட்டை போட்டு இஸ்துக் குட்த்தேன். மாசானம் அண்ணன் பாட்டு கீட்டு எறக்கிக்கினு இருப்பாரு. சொல்லவா?"

"வேணாம் வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

போனை வைத்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முதலில் வந்தது அருவருப்பு. நான் சங்கமித்ராவுக்கு எழுதி எழுதி அழித்த வரிகள், என்னைப் பற்றி, அவனைப் பற்றி, பிள்ளை இல்லாததைப் பற்றி, அனுப்பாமல் விட்டது கூட அவன் கண்ணில் பட்டிருக்கிறது. மெஷின் வாங்கிக் கொடுத்த நாளிலிருந்தே. இரும்புக் கதவுக்கு வெளியே எனக்கு இருந்த ஒரே ஜன்னல் அது. அதற்கு வெளியிலும் அவன்தான் நின்றிருக்கிறான்.

கதவை அடைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. ஒரு பட்டனை அமுக்கினால் போதும். ஆனால் தட்டுகிறவனுக்குப் பதில் வராமல் போனாலே தெரிந்துவிடுமே. தெரிந்தால் மெஷினையே தூக்கிக்கொண்டு போவான். அடைத்தாலும் மாட்டிக்கொண்டேன், திறந்து வைத்தாலும் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டியிருந்தது. இந்த நிமிஷம் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறானா? வயர் செருகியிருக்கிற இடத்தில், சிபியூவுக்குப் பின்பக்கம், ஒரு பச்சை விளக்கு உண்டு. திரையில் அசைவது அவனுக்குப் போகிறதென்றால், அசையும்போதெல்லாம் அது படபடக்கும். நான் பின்னால் குனிந்து பார்த்தால் முன்னால் யார் அசைப்பது? அத்தையிடம் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அத்தே, ஒரு நிமிசம் வாங்க. உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

"என்னத்தக் காட்டப் போற."

"நம்மள யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு காட்டறேன்."

எழுந்து வந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, மவுஸ் மேல் அவர் கையை வைத்து, அதன் மேல் என் கையை வைத்து, திரையில் ஒரு பெட்டியைப் பிடித்து இழுக்கக் காட்டினேன். கீரை ஈரம் பட்ட விரல். அமுக்கிப் பிடி, இழு, விடு. இரண்டு மூன்று தடவையில் பிடித்துக்கொண்டார். நான் மேஜைக்கு அடியில் நுழைந்து பின்பக்கம் போனேன்.

"இழுங்க."

விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது.

"நிறுத்துங்க."

ஏதோ ஒரு தரம் மினுக்கிவிட்டு இருண்டது.

"இழுங்க."

மறுபடி படபடவென்று அடித்தது.

வெளியே வந்து அவர் காலடியிலேயே உட்கார்ந்து, ஏனோ கிசுகிசுத்த குரலில், எல்லாவற்றையும் சொன்னேன். திரை, கதவு, கடை, பதினேழு.

"நாம பேசுறதும் கேக்குதா அவனுக்கு?"

"இல்ல அத்தே. படம் மட்டும்தான். எழுதுறத எல்லாம் அங்க உக்காந்துகினே படிக்கலாம்."

"பேச்சிக்கு எழுதினதெல்லாம்?"

"எழுதும்போதே படிச்சிருக்காரு."

அத்தை மவுஸிலிருந்து கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் உன்னையல்லா ஏசினேன்" என்றார். "எம்புள்ள கூடப்பொறந்தவ மேல கோவத்துல இருக்கான், சரியாயிருவான்னு நெனச்சேன். தாயும் மவளும் பேசுறத ஒளிஞ்சிருந்து படிச்சிருக்கானே." அவர் அழவில்லை. நான்தான் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என் தலையைத் தடவவும் இல்லை, தள்ளவும் இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து சாமி அலமாரிக்குப் போனார். மாமனாரின் படத்துக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். சாவி. இரும்புக் கதவின் சாவி.

"இது அவுக சாவி. அவுக போன அன்னிக்கு இடுப்புலேர்ந்து நாந்தான் அவுத்தேன். மாசானம் கேக்கல, நானும் சொல்லல."

சாவியைக் கையில் எடுத்தேன். "இத்தனை வருசமா கையிலயே வெச்சிருந்தீங்களா? ஏன் அத்தே ஒரு நாள் கூடத் திறக்கல?"

"தொறந்து எங்கிட்டுப் போகச் சொல்லுத? மவ வீட்டுக்குப் போனா, திரும்பி வரும்போது கதவு தொறக்குமா?" என்றார். "நீ போ. வெள்ளிக்கெழம போயிட்டு, அவன் சாப்புட வருததுக்குள்ள வந்துரு."

"சாப்பிட வரதுக்குள்ள வந்துருவேன். ஆனா அதுவரைக்கும் அவரு இதைப் பாத்துகினே இருப்பாரே. திரை அசையலன்னா உடனே ஓடியாருவாரு."

"நான் அசைக்கேன்."

அவனுக்காகவே ஒரு மெயில் எழுதினேன். "சங்கமித்ரா, நான் வரவில்லை. எனக்கு வீடுதான் சரிப்பட்டு வரும். என் கணவர் சொல்வது நல்லதுக்குத்தான்." என் கணவர். அங்கே மட்டும் மரியாதை தங்குதடை இல்லாமல் வந்தது. அனுப்பிவிட்டு, சங்கமித்ராவை போனில் கூப்பிட்டு அதைத் தூக்கிப் போடு என்றேன். அன்று மாலை மாசானம் அல்வா வாங்கிக்கொண்டு வந்தான். தன் கையாலேயே எனக்கு ஊட்டினான். விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை அவன் பூட்டிக்கொண்டு போன பிறகு புடவையை மாற்றினேன். டாக்டர்களின் கடிதம் ஒன்றைத் திரையில் திறந்து வைத்தேன். பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று, இழுத்துக்கொண்டே இருக்க. அத்தை காப்பியைக் குடித்து முடித்து, முந்தானையைச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தே, நீங்களும் வாங்க. என்னா ஆனாலும் ஆவட்டும். அப்படியே காத்திவாக்கம் பஸ்ல உங்களை ஏத்தி வுட்டுட்டுப் போறேன். ஒரு தரம் பேச்சியைப் பாத்துட்டு வந்துருங்க."

அத்தையின் கை மவுஸ் மேல் இருந்தது. நிஜமாகவே ஒரு நிமிஷம் யோசித்தார், முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு பேரும் போயிட்டா இத யாரு அசைப்பா?" என்றார். பிறகு, "வெளியப் பூட்டிட்டுப் போ. கடைப் பையன் எவனாவது சரக்கெடுக்க வந்து பூட்டு தொங்கலன்னா அவங்கிட்டச் சொல்லிருவான்."

கீழே இறங்கி, கம்பிக்குள் கையை விட்டு, வெளிப்பக்கத்துப் பூட்டைத் திறந்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பூட்டை மாட்டினேன். இரண்டாம் முறை அமுக்கியபோதுதான் விழுந்தது. சந்தில் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கருவாட்டு வாடையும் லாரிப் புழுதியும் என் மூக்கில் ஏறின, ஆசையாக இழுத்துக்கொண்டேன்.

நுங்கம்பாக்கத்துக்குப் பாரிமுனையில், எங்கள் பேச்சில் பாரீஸில், மாற வேண்டும், அந்த பஸ் நிற்கிற இடம் கடைக்கு நேர் எதிரில். வேறு வழியில்லை. முக்காடு போட்டுக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் நின்றேன். லாரி நகர்ந்து இடைவெளி விழுந்தபோது கடை தெரிந்தது. முன்பெல்லாம் கல்லாவில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன்தான். தமீமின் வயர் பின்சுவர் வரைக்கும்தான் எட்டியது, அதனால் கம்ப்யூட்டரை அங்கே வைத்தான், அப்புறம் அவனும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தான். இப்போதும் முதுகுதான் தெரிந்தது. அவன் தோளுக்கு மேல் என் திரை. நான் வைத்த நீல நிறம். அதில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இடமிருந்து வலம் போனது, வலமிருந்து இடம் வந்தது. வாளி கேட்டு வந்த ஒருவரைப் பையனிடம் கைகாட்டிவிட்டு அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் ரோட்டில் நிற்கிறேன்.

பெட்டி நின்றது.

நின்றது நின்றபடி இருந்தது. அத்தைக்குக் கை வலித்ததா, அடுப்பைப் பார்க்க எழுந்தாரா, தெரியவில்லை. மாசானம் முன்னால் சாய்ந்தான். கை நீண்டு போன் ரிசீவரை எடுத்தது. வீட்டுக்குத்தான் கூப்பிடப் போகிறான். ஓடிப் போய்விடலாம், பூட்டைத் திறந்து, மாடியேறி, நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம் என்று கால் ஒரு அடி திரும்பியும்விட்டது. கால் திரும்பியது எனக்கு இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

பெட்டி மறுபடி நகர்ந்தது. இடமிருந்து வலம்.

அவன் ரிசீவரை வைத்தான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

பஸ் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் காலடிப்பேட்டையைத் தாண்டிய பிறகுதான் உள்ளங்கை வலிப்பது தெரிந்தது. சாவியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். என் மாமனார் பூட்டினார், அவர் மகன் பூட்டினான், இன்று அத்தையை உள்ளே வைத்துப் பூட்டியது நான். மூன்று பேருமே நல்லதுக்குத்தான் பூட்டினோம்.

வேலை கிடைத்துவிடும், அது எனக்குத் தெரியும். கிடைத்தால் தினமும் வெளியே வருவேன், எப்படி வருவேன் என்பது அவனோடு போடப்போகிற சண்டை, அதற்கும் நான் தயார்தான். ஆனால் பேச்சிக்கு இது நிறைமாசம். அத்தை போய் அவளைப் பார்க்க வேண்டும் என்றால், அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்து அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் அதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை போகட்டும், நான் அசைக்கிறேன் என்று முடிவு செய்தேன். பச்சைச் சேலை எடுக்கச் சொல்ல வேண்டும்.

"எங்கம்மா போணும்?" என்று கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாரீஸ்" என்றேன். டிக்கெட்டுக்குச் சாவி இருந்த கையையே நீட்டியிருக்கிறேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வூட்டுச் சாவியா? பத்திரமா உள்ள வையி" என்றார்.

உள்ளே வைத்துக்கொண்டேன்.